காலாவதியான காப்புரிமைக்கு மறுபிறவி எதற்கு?

விலங்குச் செல்களுக்குள் புதிய மரபணுவைச் செலுத்தினால், எந்தச் செல் அதை ஏற்றுக்கொண்டது என்று அறிவது கடினம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆக்செலும் சகாக்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வேண்டிய மரபணுவோடு அடையாள மரபணு ஒன்றையும் சேர்த்துச் செலுத்தி, அடையாள மரபணு இல்லாத செல்கள் மடிந்துவிடும் ஊடகத்தில் வளர்த்தார்கள். பிழைத்த செல்களில்தான் தேடியது கிடைத்தது. ரத்தசோகைக்கான எரித்ரோபொயட்டின் போன்ற மருந்துகளைத் தயாரிக்க இந்த முறை கைகொடுத்தது.

அரசின் ஆய்வு நிதியில் பிறந்த இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு 1980இல் கொலம்பியா விண்ணப்பித்தது. அதில் விளைந்த காப்புரிமைகள் 2000 ஆகஸ்டில் காலாவதியாவதற்குள் சுமார் 79 கோடி டாலர் ஈட்டித் தந்தன. உழைப்புக்குக் கிடைத்த அந்தப் பலனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், அதே மூல விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக 2002இல் இன்னொரு காப்புரிமை கிடைத்தது; அதன் ஆயுள் 2019 வரை! 1995 ஜூன் 8க்கு முன் தாக்கலான விண்ணப்பங்களுக்கு, காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு என்ற பழைய கணக்கும் செல்லுபடியானதே காரணம். ஆம்ஜென், பயோஜென் உள்ளிட்ட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அவற்றின் மீது இந்தக் காப்புரிமையைப் பிரயோகிக்க மாட்டோம் என்று 2004இல் கொலம்பியா உறுதியளித்தது.

முதல் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு என்ற இன்றைய விதி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. இன்னொன்று திறந்தே கிடக்கிறது. தொடர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை, போட்டியாளரின் தயாரிப்பைச் சந்தையில் பார்த்த பிறகும், மூல ஆவணம் இடம்கொடுக்கும் எல்லைக்குள், அதற்கேற்ப உரிமைக்கோரலைத் திருத்தி எழுதலாம்.

தக்க காரணம் காட்டாவிட்டால் இரண்டு தொடர் விண்ணப்பங்களே என்று 2007இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் விதி வகுத்தது. அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள் வர்ஜீனியா நீதிமன்றம் தடை விதித்தது. 2009இல் விதியே கைவிடப்பட்டது.

பல்கலைக்கழகங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆய்வை வெளியிடும் அவசரத்தில் அவை முன்கூட்டியே விண்ணப்பிக்கின்றன. எந்த மூலக்கூறு மருந்தாகும், எந்த நிறுவனம் உரிமம் பெறும் என்பதெல்லாம் பல ஆண்டுகள் கழித்தே தெரியும். ஆகவே எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது அவற்றைத்தான் முதலில் பாதிக்கும்.

வரம்பு காலத்துக்கு வேண்டும். வழங்கிய காப்புரிமையை மறுவெளியீடு மூலம் விரிவாக்க இரண்டே ஆண்டு அவகாசம் தருகிறது அமெரிக்கச் சட்டம். அந்தக் கண்டிப்பு தொடர் விண்ணப்பத்துக்கு மட்டும் ஏன் இல்லை? 2025 முதல், முதல் விண்ணப்ப நாளிலிருந்து ஆறு ஆண்டு கடந்து தாக்கலாகும் தொடர் விண்ணப்பத்துக்கு 2,700 டாலர், ஒன்பது ஆண்டு கடந்தால் 4,000 டாலர் கூடுதல் கட்டணம். கோடிகளில் புரளும் மருந்துச் சந்தையில் இது ஒரு தடையே அல்ல.

குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு உரிமைக்கோரலை விரிவாக்கக் கூடாது என்று சட்டம் சொல்ல வேண்டும். அதுவரை காத்திராமல், மக்கள் வரிப்பணத்தில் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகங்கள் தாமாகவே இந்தக் கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும். ஆய்வுக்கு வரியாகவும் மருந்துக்கு விலையாகவும் பணம் தருபவர் ஒருவரேதான். அவருக்குச் சேரவேண்டியது எந்த நாளில் வந்து சேரும் என்பதையாவது அவர் அறிந்திருக்க வேண்டும்.