டேஷ்போர்டு போடணுமா? எந்தக் கருவி யாருக்கு?

கறுப்பு வரைபடம். அதில் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போன சிவப்பு வட்டங்கள். கொரோனா நாள்களில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன் கார்ட்னரும், அவருடைய ஆராய்ச்சி மாணவர் என்ஷெங் டோங்கும் 2020 ஜனவரி 22 அன்று வெளியிட்ட டேஷ்போர்டு அது. இதற்காக அவர்கள் புதிதாக மென்பொருள் எதையும் எழுதவில்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் எண்களைக் கையாலேயே ஏற்றினார்கள். நோய் பரவப் பரவ, தானாகவே எண்களைச் சேகரிக்கும் முறைக்கு மாறினார்கள்.

மக்கள் கேட்ட கேள்வி, 'நோய் எங்கே இருக்கிறது?' என்பது. அதனால் வரைபடக் கருவி பொருந்தியது. கேள்வி முதலில், கருவி பிறகு. கடைக் கணக்கோ, சுயஉதவிக் குழுவின் கடன் கணக்கோ, அப்பார்ட்மென்ட் பராமரிப்புக் கணக்கோ, எதற்கும் இதே வரிசைதான்.

காரின் டேஷ்போர்டு வேகத்தையும் பெட்ரோல் அளவையும் ஒரே பார்வையில் காட்டுகிறது அல்லவா? இதுவும் அப்படித்தான். கூடுதலாக, 'தீபாவளி மாதம் மட்டும்', 'இந்தக் கிளை மட்டும்' என்று தொட்டால் படம் அதற்கேற்ப மாறும்.

எதை எடுப்பது?

எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ்: சில ஆயிரம் வரிகள், பார்ப்பவர்கள் நாலைந்து பேர் என்றால் இதுவே போதும். எக்ஸெல்லில் பிவட் டேபிளும் ஸ்லைசரும் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

லுக்கர் ஸ்டூடியோ: கூகுளின் இலவசக் கருவி. முன்பு இதன் பெயர் டேட்டா ஸ்டூடியோ. கணக்கு ஏற்கெனவே கூகுள் ஷீட்ஸில் இருந்தால், இணைப்பது எளிது. பிரவுசரிலேயே வேலை நடக்கும்.

பவர் பிஐ: மைக்ரோசாஃப்ட் தயாரிப்பு. எக்ஸெல் பழகியவர்களுக்கு ஏறக்குறைய சொந்த வீடு. டெஸ்க்டாப் பதிப்பு இலவசம். ஆனால், விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். செய்ததை அலுவலகத்தில் மற்றவர்களோடு முறையாகப் பகிர வேண்டுமானால், பொதுவாகக் கட்டணச் சந்தா தேவை. எத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணிவிட்டுப் பட்ஜெட் போடுங்கள்.

டேப்லோ: படங்களின் அழகுக்குப் பெயர்போனது. கட்டணப் பதிப்பு சிறு கடைகளுக்குக் கையைக் கடிக்கும். டேப்லோ பப்ளிக் இலவசம்தான். ஆனால், பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அங்கே வெளியிடுவது ஊரே பார்ப்பதற்காக!

ஸ்ட்ரீம்லிட், டேஷ், ஷைனி: புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு. முதல் இரண்டும் பைத்தான் தெரிந்தவர்களுக்கு. ஷைனி, 'ஆர்' மொழி வழியாக வந்தது. மூன்றும் இலவசம். நினைத்தபடியெல்லாம் வளைக்கலாம். ஆனால், எழுதிக் கொடுத்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டால் யார் பார்த்துக்கொள்வது? அதற்குப் பதில் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பழக்கமான கருவிதான் என்று அலட்சியமும் கூடாது. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் விட்டுப்போயின. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். தொற்று வந்தவர்களுக்கு ரிசல்ட் போய்விட்டது. ஆனால், அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமாகிவிட்டது. இன்றைய எக்ஸெல் ஷீட்டில் 10,48,576 வரிகள் வரை போடலாம். இருந்தாலும், உங்கள் கணக்கு வருடத்துக்கு எவ்வளவு வளரும் என்று ஒரு மனக்கணக்கு போட்டுக்கொள்வது அவசியம்.

அதைவிட முக்கியமானது, அடுத்தவர் ரகசியம். மாணவர்களின் மதிப்பெண், நோயாளிகளின் விவரம், குழுப் பெண்களின் கடன் பாக்கி... இவையெல்லாம் நம்மை நம்பிக் கொடுத்தவை. பவர் பிஐ-யில் 'பப்ளிஷ் டு வெப்' என்று ஒரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால், லிங்க் கிடைத்த யாரும் பாஸ்வேர்டு இல்லாமலே பார்க்கலாம். திரையில் மொத்தத் தொகை மட்டும்தானே தெரிகிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. பின்னால் இருக்கும் தனித்தனி விவரங்களும் வெளியே போக வாய்ப்புண்டு. ஒரு காலத்தை மறைத்து வைப்பது பூட்டுப் போடுவது ஆகாது. எனவே, பெயர், போன் நம்பர், ஆதார் எண் ஆகியவற்றை டேஷ்போர்டுக்குக் கொடுக்கும் கோப்பிலிருந்தே நீக்கிவிடுங்கள். வீதியில் ஒரே ஒருவர்தான் பாக்கி வைத்திருக்கிறார் என்றால், பெயர் போடாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் ஒரு சின்ன வேலை. வெள்ளைத் தாளில் டேஷ்போர்டை வரைந்து பாருங்கள். தினமும் பார்க்கப்போகும் ஒருவரிடம் அதைக் காட்டி, 'இதைப் பார்த்ததும் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். 'அரிசி ஸ்டாக் குறைகிறது, ஆர்டர் போடுவேன்' என்று சட்டென்று பதில் வந்தால் அந்தப் படம் இருக்கட்டும். 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொன்னால், அந்தப் படத்தை அடித்துவிடலாம். மிஞ்சுவது இரண்டு மூன்று படங்கள்தான் என்றால், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் எக்ஸெல்லே போதும்.