கடலின் மேல்வாரம்: தங்கவயல் சொல்லும் கணக்கு

2025 நவம்பரில் இந்திய அரசு தன் தனிப் பொருளாதார மண்டலத்துக்கான மீன்பிடி விதிகளை அறிவித்தது. விசைப்படகுகளும் பெரிய இயந்திரப் படகுகளும் அங்கு மீன்பிடிக்க அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். மரபுவழி, சிறுதொழில் மீனவர்களுக்கு விலக்கு உண்டு. சீட்டுக்குக் கட்டணம் இல்லை. விலக்கு நியாயமானது. பெரும் படகுகளுக்கும் கட்டணம் இல்லை என்பது நியாயமன்று.

இப்படிச் சொன்னவுடன் 'மீனவர் வயிற்றில் அடிப்பதா?' என்ற குரல் எழும். 'மீனவர்' என்னும் சொல் இங்கே செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். கட்டுமரத்தில் செல்பவரையும், கரையில் இருந்தபடியே நான்கு விசைப்படகுகளை அனுப்பும் உரிமையாளரையும், நாளை தாய்க்கப்பலோடு ஆழ்கடலுக்கு வரக்கூடிய முதலீட்டாளரையும் அது ஒரே பன்மையில் அடக்கிவிடுகிறது. தாய்க்கப்பல் முறைக்கு இவ்விதிகள் இடமளிக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்கின்றன. முன்னுரிமை என்பது பிறருக்குத் தடை ஆகாது. கட்டுமரக்காரரின் வறுமையைக் காட்டி முதலீட்டாளருக்குச் சலுகை வாங்குவது மோசடி.

கோலார் தங்கவயல் கடலைப் பார்த்த ஊரன்று. ஆனால் பொதுச் சொத்தை எடுத்துக்கொள்ள உரிமம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நூறாண்டுக்கும் மேலாக அனுபவித்த ஊர். 1875-இல் மைசூர் அரசு லாவெல் என்பவருக்கு அங்குச் சுரங்க உரிமை அளித்தது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. அரசு பெற்ற உரிமைத்தொகை, எடுத்த தங்கத்தின் மதிப்பில் 5 விழுக்காடு. இலாபத்தில் அன்று, மதிப்பில். நட்டக் கணக்கு எழுதித் தப்பிக்க முடியாத ஏற்பாடு. அந்த அளவில் இன்றைய கடல் விதியைவிட மேலானது. குறை, தொகை போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி எடுத்த பொன்னின் பங்கு கருவூலத்துக்குப் போனது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது ஊருக்கு மிஞ்சியவை சயனைடு மேடுகளும் பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் செல்லும் இரயிலும்தாம்.

பசிபிக் தீவு நாடுகளும் நெடுங்காலம் ஏறத்தாழ இதே 5 விழுக்காட்டுக்குத் தம் சூரை மீனை அயல்நாட்டுக் கப்பல்களுக்கு விட்டுக்கொடுத்தன. நவுரு உடன்படிக்கையில் இணைந்த எட்டு நாடுகள் 2007-இல் முறையை மாற்றின. மொத்த மீன்பிடி நாள்களுக்கு உச்ச வரம்பு விதித்து, அந்நாள்களை விற்கத் தொடங்கின. 2015-இல் ஒரு கப்பல் நாளின் குறைந்தபட்ச விலை 8,000 டாலர். 2010-இல் ஏறத்தாழ 6 கோடி டாலராக இருந்த வருவாய் சில ஆண்டுகளில் 40 கோடியைக் கடந்தது. கப்பல்கள் ஓடிவிடவில்லை. மீன் அங்கேதான் இருந்தது.

இந்தியக் கப்பல்களுக்கு அந்த விலை பொருந்தாது, முறை பொருந்தும். தமிழில் 'வாரம்' என்றால் விளைச்சலில் பங்கு. 'குத்தகை' என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் கொடுக்க வேண்டிய தொகை. 'கட்டணம்' என்பதோ அலுவலகம் முத்திரை குத்துவதற்கான கூலி போல ஒலிக்கிறது. கடலுக்கு வேண்டியது மேல்வாரம். படகின் நீளம், இயந்திரத் திறன், வலையின் வகை, கடலில் தங்கும் நாள்கள் ஆகியவற்றைப் பொறுத்து அது ஏற வேண்டும். மடி இழுக்கும் இழுவைப் படகுக்கு அதிகம், தூண்டில் படகுக்குக் குறைவு. 2017-இல் தொடங்கிய திட்டத்தில் 80 இலட்சம் ரூபாய்ப் படகைக் கடனும் சேர்த்து வாங்கிய இராமநாதபுரத்தார் போன்றோருக்குக் கடன் தீரும்வரை அவகாசம் தரலாம். இப்போதைய நிலை தலைகீழானது: விசைப்படகுக்கு வரி விலக்குடன் டீசல் கிடைக்கிறது, ஓட ஓடச் சலுகை, எடுக்கும் மீனுக்கு எதுவும் இல்லை.

பொருளியல் கட்டுரைகள் பெரும்பாலும் தொடாத இடம் ஒன்று உண்டு. விசைப்படகில் டீசல், ஐஸ், உணவுச் செலவுகளைக் கழித்த பிறகே மீன் விற்ற பணம் உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பங்கு பிரிகிறது. உரிமத்தொகையையும் அந்தச் செலவுக் கணக்கில் எழுத இடம்கொடுத்தால், சட்டப்படி முதலாளி செலுத்தும் பணத்தில் ஒரு பகுதியை உண்மையில் தொழிலாளியே செலுத்த நேரிடும். எனவே தொகை படகின் பங்கிலிருந்தே கழிக்கப்பட வேண்டும் என்று விதியில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

வசூலாவது எங்கே போகிறது என்பதும் அதே அளவு முக்கியம். 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கியது. உரிமைத்தொகைக்கு மேல் அதில் ஒரு பகுதியைக் குத்தகைதாரர் அங்குச் செலுத்த வேண்டும். தங்கவயல் மூடி 14 ஆண்டுகள் கழிந்த பின் வந்த சட்டம் அது. கடற்கரைக்கு அப்படி ஓர் அறக்கட்டளை வேண்டுமானால், தடைக்காலமான 61 நாள்களின் நிவாரணத்துக்கும் தொழிலாளர் காப்பீட்டுக்கும் அதிலிருந்து பணம் ஒதுக்க வேண்டுமானால், முதலில் வசூல் என்று ஒன்று இருக்க வேண்டும். இலவசச் சீட்டில் அதற்கு வழியே இல்லை.