"ஓடுதா?" என்று மட்டும் கேட்டால் போதாது



நம்ம ஊரில் கணினி படிக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர்கள் செய்நிரல் எழுதிக் காட்டினால் ஆசிரியர், பெற்றோர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஓடுதா?" ஓடினால் புள்ளி. "முடியும்போது என்ன மிஞ்சுது?" என்று கேட்பாரில்லை. இதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பெரிய மென்பொருள் ஒன்றுக்குள் பல த்ரெட்கள், அதாவது இழைகள், ஒரே நேரத்தில் வேலை செய்யும். நினைவகம் எல்லோருக்கும் பொது. ஆனாலும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனக்கென்று சிறு இடம் உண்டு. இதுதான் த்ரெட் லோக்கல் ஸ்டோரேஜ்.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். ஐந்து சமையல்காரர்கள். ஒவ்வொருவரும் வாடகைக்கு எடுத்த சட்டிகளின் துண்டைத் தன் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஒருவர் வேலை முடிந்து போகிறார். துண்டும் அவரோடு போய்விடும். சட்டி மூலையில் கிடக்கும். யார் எடுத்தது, எங்கே கொடுப்பது, ஒருவருக்கும் தெரியாது.

சி மொழியில் நடப்பதும் இதுவே. த்ரெட் முடிந்ததும் அதன் தனியிடம் போய்விடும். அந்த இடம் சுட்டிக்காட்டிய, மெலாக் மூலம் எடுத்த நினைவகம் அப்படியே கிடக்கும். ஒரு தடவைக்கு 4 கிலோபைட் என்று வையுங்கள். 10 லட்சம் த்ரெட் வந்து போனால் ஏறக்குறைய 4 ஜிகாபைட் வீண். பரீட்சை மேசையில் இது தெரியாது. இரவு பகலாக ஓடும் சேர்வரில்தான் தெரியும்.

இதற்கு வழி இருக்கிறது. லினக்ஸ் போன்றவற்றில் பித்ரெட் கீ கிரியேட் என்ற ஃபங்ஷனுக்கு, த்ரெட் முடியும்போது சுத்தம் செய்யும் இன்னொரு ஃபங்ஷனையும் கொடுக்கலாம். அதற்குப் பெயர் டிஸ்ட்ரக்டர். ஆனால் நிபந்தனைகள் உண்டு. பல கீ இருந்தால் எது முதலில் சுத்தமாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கீயை அழித்தால் டிஸ்ட்ரக்டர் ஓடாது. எக்ஸிட் அழைத்து முழுச் செய்நிரலையும் முடித்தாலும் ஓடாது. நினைவகத்தை இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் கோப்பில் எழுத வேண்டிய கடைசிக் கணக்கை டிஸ்ட்ரக்டரிடம் நம்பி விட்டிருந்தால் அந்தக் கணக்கு போனதுதான்.

"ஜாவாவில் எல்லாம் தானாகச் சுத்தமாகுமே சேர்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். த்ரெட் முடிந்தால் சரி. ஆனால் சேர்வர்களில் த்ரெட் பூல் வைத்திருப்பார்கள். அங்கே த்ரெட் முடிவதே இல்லை. ஒருவரின் வேலையை முடித்துவிட்டு அடுத்தவரின் வேலையை எடுக்கும். த்ரெட் லோக்கலில் வைத்ததை ரிமூவ் செய்யாவிட்டால் முந்தியவரின் தரவு அங்கேயே இருக்கும். ஒரு நோயாளியின் விபரம் இன்னொருவரின் திரையில் வந்தால்? அது வெறும் நினைவக வீண் அல்ல, அமானித மோசடி.

உயர்தரத்தில் பைதன் படிக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் பாடத்தில் வர வேண்டியதில்லை. பழக்கம் வந்தால் போதும். கோப்பைத் திறந்தால் மூடினாயா? தரவுத்தளத் தொடர்பை எடுத்தால் விட்டாயா? இடையில் பிழை வந்து நின்றால் யார் சுத்தம் செய்வது? இந்த மூன்று கேள்விக்கும் நாம் புள்ளி ஒதுக்கினால் பிள்ளைகள் தானாகக் கற்பார்கள்.

இரவல் வாங்கியதைக் கேட்குமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். கணினிக்கு முன்னால் இருக்கும்போதும் அதையே சொல்லுவோம். நாளைக்கு வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மென்பொருள் எழுதப்போவது இவர்கள்தான்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: "நீ எழுதினது முடிஞ்சா என்ன மிஞ்சும்?" என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள்.