ஸ்கில்ட் விசாவும் பிள்ளைக் காசுக் கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. லண்டன், அவுஸ்திரேலியா, கனடா என்று பைல் போட்டிருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் ஆசிரியர் அறைகளில் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் இடமாற்றம், சம்பள நிலுவை, ஓ.எல். பெறுபேறு. இப்போது ஸ்பொன்சர், பொயின்ட்ஸ், ஐ.இ.எல்.டி.எஸ். அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்ற சுற்றறிக்கையும் அந்த வருடமே வந்தது. போகிறவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஹலாலான உழைப்பைத் தேடிக் கடல் கடப்பது எங்கள் சமூகத்துக்குப் புதிதும் இல்லை.

எங்களுடைய கவலை வேறு. போவதற்கு முன் வீட்டு மண்டபத்தில் உட்கார்ந்து போடுகிற கணக்கைப் பற்றியது. முதல் வரியில் சம்பளம். இரண்டாவது வரியில் வாடகை, சாப்பாடு. மூன்றாவது வரியில் "அரசாங்கம் தருகிற காசு". யாராவது ஒரு மச்சான் அதை உறுதியாகச் சொல்லியிருப்பார்: "அங்க போய்ச் சேர்ந்தாப் போதும். புள்ளைக்கு அரசாங்கம் காசி குடுக்கும். வாடகைக்கும் குடுக்கும். வேல இல்லாட்டியும் குடுக்கும்." இந்த மூன்றாவது வரியை நம்பித்தான் வயல் காணி விற்கப்படுகிறது, நகை அடகுக்குப் போகிறது. அந்த வரியை வெட்டிவிட்டுக் கணக்கைப் போடுங்கள் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

முதலில் லண்டனை எடுப்போம். எங்கள் பக்கத்தில் பிரித்தானியா முழுவதற்கும் அதுதானே பெயர். அங்கே ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் போகிறவருக்கும் அவரோடு போகிற மனைவி பிள்ளைகளுக்கும் விசாவிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: பொது நிதியிலிருந்து எதுவும் பெற முடியாது. 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டம் இதற்கு அடிப்படை. பிள்ளைக்கான கொடுப்பனவு, யுனிவர்சல் கிரெடிட், வாடகை உதவி, கவுன்சில் வீடு, கவுன்சில் வரிக் குறைப்பு, வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் எல்லாம் அந்தத் தடைக்குள் வருகின்றன. மச்சான் சொன்ன மூன்றும் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

எதுவுமே கிடைக்காது என்று பயமுறுத்துவதும் சரியில்லை. அரச பாடசாலையில் பிள்ளை கட்டணமில்லாமல் படிக்கலாம். இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புச் சிறுவர்களுக்குப் பாடசாலையில் மதியச் சாப்பாடு இலவசம். அதற்கு விசா பார்ப்பதில்லை. அரச வைத்தியசாலையும் தடைக்குள் வராது. வேலை செய்து தேசியக் காப்புறுதி கட்டியவருக்குத் தகுதி இருந்தால் சுகவீன லீவுச் சம்பளமும் பிரசவ லீவுச் சம்பளமும் உண்டு. அவை உழைத்துச் சம்பாதித்த உரிமைகள் என்பதால் பொது நிதியாகக் கணக்கிடப்படுவதில்லை. ஏஜென்சிக்காரர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. அவருக்கே தெரியுமா என்பது வேறு விஷயம்.

வைத்தியசாலை இலவசம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதார மேலதிகக் கட்டணம் என்று ஒன்றைக் கட்ட வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து பெரியவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்ட்ஸ், பிள்ளைக்கு 776. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஐந்து வருட விசா என்றால் 18,110 பவுண்ட்ஸ். ஒரு பவுண்ட்ஸை 400 ரூபா என்று பிடித்தாலும் 72 இலட்சத்துக்கு மேல். மாதாமாதம் இல்லை, விமானம் ஏறுவதற்கு முன்பே முழுவதையும் கட்ட வேண்டும். வேலை தருகிற கொம்பனி கட்டினால் நல்லது. சுகாதார, பராமரிப்புத் துறை விசாவில் போகிறவர்களுக்கு இது விலக்கு. மற்றவர்களின் மூன்றாவது வரியில் வரவு இல்லை, செலவுதான் இருக்கிறது.

அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? சும்மா முளைத்த கதை இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யுத்தத்துக்குத் தப்பி லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போன தமிழ்ச் சகோதரர்களில் ஏராளமானோர் அகதிகளாகப் போனவர்கள். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு அரசாங்க உதவி பெறும் உரிமை உண்டு; இன்றும் அப்படித்தான். அவர்கள் ஊருக்கு வந்தபோது சொன்ன கதைகளும், அவர்களோடு படித்த எங்கள் வாப்பாமார் கேட்டு வைத்த கதைகளும்தான் இப்போது எல்லா விசாவுக்கும் பொருந்தும் என்று சுற்றுகின்றன. வீடு எரிந்து ஓடியவருக்கு ஒரு நாடு காட்டிய இரக்கம், வேலை ஒப்பந்தத்தோடு போகிறவருக்குக் காட்டும் சலுகை ஆகாது. அந்த உதவியைப் பார்த்துப் பொறாமைப்படவும் ஒன்றுமில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை எங்களுக்குத் தெரியும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் மக்கள் புத்தளத்தில் எத்தனை வருடம் முகாம்களில் இருந்தார்கள் என்பதும் தெரியும்.

கதைக்கு இரண்டாவது ஊற்று கனடா. அங்கே நிரந்தர வதிவிட அனுமதியோடு போய் இறங்குகிறவர் பிள்ளைக் கொடுப்பனவுக்கு ஆரம்பத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் தற்காலிக வேலை அனுமதியில் போனவர் 18 மாதம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கனடாவில் இருக்கும் சாச்சியின் மகள் வட்ஸ்அப்பில் "எங்களுக்கு மாசாமாசம் வருது" என்று சொன்னது பொய் இல்லை. அதைக் கேட்டுவிட்டு லண்டன் விசாவுக்குக் காசு கட்டினால் அது அவளுடைய பிழையும் இல்லை.

அவுஸ்திரேலியா இரண்டுக்கும் நடுவில். பொயின்ட்ஸ் எடுத்து நிரந்தர வதிவிடத்தோடு போகும் 189, 190 விசாக்காரருக்கு மெடிகெயார் எனும் அரச மருத்துவ வசதி முதலிலிருந்தே உண்டு. ஆனால் வேலையில்லாதோருக்கான கொடுப்பனவுக்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். முன்பு இது இரண்டு வருடமாக இருந்தது. 2019 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நான்காக்கினார்கள். முதியோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்து வருடம். அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கு அந்த நான்கு வருடக் காத்திருப்பு இல்லை. அங்கும் அதே பிரிப்புத்தான். ஸ்பொன்சர் எடுத்த தற்காலிக விசாவில் போகிறவருக்கோ வேலையில்லாக் கொடுப்பனவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மருத்துவக் காப்புறுதியையும் தானே எடுக்க வேண்டும். ஒரே வேலைக்கு, ஒரே ஊரிலிருந்து போகிற இரண்டு எஞ்சினியர்களில் ஒருவருக்கு மெடிகெயார் அட்டை இருக்கும், மற்றவருக்கு இருக்காது. ஆகவே "அவுஸ்திரேலியாவில என்ன குடுப்பாங்க" என்று கேட்பதில் பிரயோசனமில்லை. எந்த விசா, என்ன இலக்கம் என்று கேளுங்கள்.

இன்னொரு ஆலோசனையும் காதில் விழுகிறது. "போய் இறங்கியதும் பெண்சாதியின் பெயரில் பிள்ளைக் காசுக்குப் போடுங்க, ஆரு பார்க்கப் போறா." பார்ப்பார்கள். பிரித்தானியாவில் வரித் திணைக்களமும் குடிவரவு அமைச்சும் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. தகுதியில்லாமல் எடுத்தால் விசா நிபந்தனையை மீறியதாகும். எடுத்த காசைத் திருப்பிக் கட்டுவதோடு முடியாது. விசா நீடிப்பும் நிரந்தர வதிவிடமும் கேள்விக்குறியாகும். மாட்டாவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று: கையொப்பம் வைத்து ஏற்றுக்கொண்ட நிபந்தனை ஓர் அமானிதம். காபிர் நாட்டுக் காசு என்பதால் அது ஹலாலாகிவிடாது. இதை எங்கள் பள்ளிவாசல்களில் யாராவது குத்பாவில் சொன்னால் நல்லது.

அதற்காக அந்த நாட்டுச் சட்டம் நீதியானது என்று நாங்கள் வக்காலத்து வாங்கவும் மாட்டோம். புதிதாக வருகிறவரிடம் "முதலில் உழை, பிறகு கேள்" என்று ஒரு நாடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. தன் மக்களின் வரிக்கு அது பொறுப்புச் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடமிருந்து வருமான வரியை எடுக்கிறார்கள், தேசியக் காப்புறுதி எடுக்கிறார்கள், சுகாதாரக் கட்டணத்தை முன்கூட்டியே எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கொம்பனி மூடியதால் வேலை போகும்போது பொதுவாக 60 நாளைக்குள் வேறு ஸ்பொன்சர் தேடு, இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ என்பது நீதியா? பராமரிப்பு வேலைக்குப் போன எத்தனையோ பேர் இப்படித்தான் மாட்டினார்கள். ஸ்பொன்சர் உரிமம் பறிக்கப்பட்டது முதலாளியின் குற்றத்துக்கு. தெருவில் நின்றது தொழிலாளி. பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே வரி கட்டியவருக்கு அந்த 60 நாளிலாவது ஒரு கை கொடுக்கலாம். குறைந்தபட்சம் பிள்ளைகளின் விஷயத்திலாவது. விசாவைப் பிள்ளை தெரிவு செய்யவில்லையே.

நிலைமை இலகுவாகும் அறிகுறியும் இல்லை. பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிச் செல்வது 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே மூடிவிட்டார்கள். நிரந்தர வதிவிடத்துக்கான ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் பிரித்தானிய அரசு முன்வைத்தது. உதவி பெறும் உரிமை அதுவரை வருவதில்லை என்பதால், வதிவிடம் தள்ளிப்போனால் உரிமையும் தள்ளிப்போகும். இன்று பைல் போடுகிறவர் ஐந்து வருடத்தில் எல்லாம் சரியாகும் என்று எழுதிவைக்க முடியாது.

ஊரில் இருக்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாப்பிள்ளை லண்டனில் என்றவுடன் கலியாணப் பேச்சு ஒரு படி ஏறுகிறது. பள்ளிக்கு நன்கொடை, மைத்துனருக்கு மோட்டார் சைக்கிள், தங்கச்சிக்கு வீடு என்று எதிர்பார்ப்பும் ஏறுகிறது. "அவனுக்கென்ன, அரசாங்கமே பாக்குது" என்று நாங்களே சொல்லிக்கொள்கிறோம். அங்கே ஒருவர் பகலில் ஒபிசும் இரவில் பொதி கட்டும் வேலையுமாக நிற்பது எங்களுக்குத் தெரியாது. அவரும் சொல்ல மாட்டார், வெட்கம். கட்டார், சவூதி போன தலைமுறையிடம் யாரும் இப்படி எதிர்பார்க்கவில்லை. உழைத்தால்தான் காசு என்பது அங்கே போனவருக்கும் தெரியும், இங்கே இருந்தவருக்கும் தெரியும். அஸ்வெசும பட்டியலில் பெயர் வருவதற்குப் பிரதேச செயலகத்தில் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று தெரிந்த நாங்கள், வேறொரு நாட்டு அரசாங்கம் கேட்காமலே தரும் என்று எப்படி நம்பினோமோ தெரியவில்லை.

ஊர் ஸகாத் குழுக்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் வழிப்போக்கர்களும் உண்டு. வேலை இழந்து, கடனோடு திரும்பி வந்து, ஊராரின் பேச்சுக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இப்போது இருக்கிறார்கள். "லண்டன் போனவருக்கு ஸகாத்தா" என்று சிரிக்காமல், உலமாக்களோடு கலந்து, அந்தப் பெயர்களையும் பட்டியலில் எடுத்துப் பாருங்கள்.

அங்கே இருக்கும் எங்கள் பிள்ளைகளிடமும் கேட்கிறோம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். எந்த விசா, கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, அரசாங்கத்திடமிருந்து வந்தது எவ்வளவு என்று நான்கு வரி கீழே எழுதிவிடுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். இந்த மாதம் காணி விற்கப் போகிற ஒருவர் அதை வாசிப்பார்.