முதல் பேடே முரட்டுப் பேடா?

காருக்குத் தானே பாலிஷ் போட முதன்முறையாக மெஷின் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரை அநேகமாக ஒன்றுதான்: நன்றாக வெட்டுகிற பேடாகப் பார்த்து வாங்கு, அப்போதுதான் கீறல் போகும். கம்பளி பேட் அல்லது இறுக்கமான கட்டிங் ஃபோம், கூடவே கெட்டியான காம்பவுண்ட். முதலில் முரட்டுத்தனமாகத் தேய்த்துக் கீறலைப் போக்கிவிடலாம், பளபளப்பை அப்புறம் மென்மையான பேடில் கொண்டுவரலாம் என்பது இதன் கணக்கு. ஒர்க்‌ஷாப்புகளில் ‘ரப்பிங் பாலிஷ்’ என்று ஒரே மூச்சில் சொல்வதிலேயே இந்த வரிசை உட்கார்ந்திருக்கிறது. பாலிஷ் என்பது எதையோ பூசுகிற வேலை என்று நினைத்தால் இது நியாயமாகத்தான் படும். ஆனால் அது பூசுகிற வேலை அல்ல, சீவி எடுக்கிற வேலை. சீவியது திரும்ப வளராது.

சீவுவதற்கு அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் இந்த அறிவுரையின் லட்சணம் தெரியும். இன்றைய கார்களில் தகட்டின்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். நாம் எழுதும் சாதாரணத் தாள் ஏறக்குறைய 100 மைக்ரான். அதில் பாதியைத் தாண்டாத ஒரு படலம்தான் வெயிலையும் மழையையும் பறவை எச்சத்தையும் தாங்கி நிற்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்களும் இதற்குள்தான் இருக்கின்றன. அளவுக்குமேல் சீவிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கார் புதிதுபோல மின்னும், எல்லோரும் பாராட்டுவார்கள். சில வருட வெயிலுக்குப் பிறகு பானெட்டிலும் கூரையிலும் வெளுப்புத் தட்டி, செதில் செதிலாக உரியும். அப்போது பழியை வெயில்மேல் போடுவார்களே தவிர, பேடை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இந்த நம்பிக்கை இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதற்கு அந்த இடைவெளியே காரணம் என்பேன்.

சரி, எதிரி யார்? பெரும்பாலான கார்களில் தெரிவது, தூசியோடு காய்ந்த துணியால் தினமும் துடைத்ததில் விழுந்த மெல்லிய கோடுகள். தெருவிளக்கின் கீழ் சிலந்தி வலைபோல வட்டம் வட்டமாகத் தெரியும். உண்மையில் அவை வட்டமே அல்ல. எல்லாத் திசையிலும் கிடக்கும் கோடுகளில், விளக்குக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தோன்றுகிறது. நகத்தால் தடவினால் தட்டாத அளவுக்கு ஆழம் குறைந்தவை இவை. மிதமான ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷுமே இவற்றில் பெரும்பகுதியைப் போக்கிவிடும். இதற்குப் போய்க் கம்பளியும் காம்பவுண்டும் என்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. போதாததற்கு, முரட்டுப் பேட் தன் பங்குக்கு மங்கலையும் நுண்கோடுகளையும் விட்டுப்போகும், கறுப்புக் காரில் அது பளிச்சென்று தெரியும். அதைப் போக்க இன்னொரு சுற்று, அதில் இன்னும் கொஞ்சம் சீவல்.

எந்தப் பேடில் தேய்த்தாலும் கீறலின் அடிவரை இறங்கினால்தானே அது மறையும், அதே மைக்ரான்தானே போகும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வித்தியாசம் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. மிதமான பேட் மெதுவாக இறங்குவதால், துடைத்துப் பார்த்து, போதும் என்ற இடத்தில் கையை எடுக்கலாம். முரட்டுப் பேடில் அந்த இடம் எப்போது கடந்தது என்று பழகாத கைக்குத் தெரியாது. விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் இது இன்னும் மோசம்; அங்கே பெயின்ட் மெல்லியது, பேடின் அழுத்தமோ அந்த ஒரே கோட்டில் குவியும். பிளாஸ்டிக் பம்பரோ, தேய்ப்பதில் எழும் சூட்டைத் தகட்டைப்போலப் பரப்பிவிடாது. தொழில்காரர்கள் கம்பளியைத்தானே போடுகிறார்கள் என்பவர்கள், அவர்களில் விவரமானவர்கள் கையில் பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி இருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இருப்பதிலேயே மென்மையான பேடை எடுத்துக்கொள்வோம் என்று மறுகோடிக்கு ஓடுவதும் வீண். ஃபினிஷிங் பேட் கீறலைத் தொடாது; தொடவில்லையே என்று ஆள் அழுத்துவார்; சுழன்றபடியே அதிரும் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷினில் அழுத்தம் கூடினால் பேட் சுழல்வதை நிறுத்தி வெறுமனே அதிரும், வேலை நடக்காது. பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் சுழல்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். கடையில் மிதமான பேடை நிறம் பார்த்து வாங்கிவிடலாம் என்பதும் நடக்காது. ரூபெஸ் நிறுவனத்தின் மஞ்சள் பேட் மென்மையான வகை, நீலம்தான் அதன் முரட்டுப் பேட். லேக் கன்ட்ரியின் பழைய ஃபோம் வரிசையில் மஞ்சள் கட்டிங் பேட், நீலம் மிக மென்மையானது. மஞ்சள் வாங்கு என்று ஒருவர் சொன்னால் எந்தக் கம்பெனி மஞ்சள் என்று கேட்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

ஆகவே டி.ஏ. மெஷினுக்கு ஐந்தரை அங்குல அளவில் மிதமான ஃபோம் பேட் நான்கைந்து. ஒன்றே போதாது, பாலிஷில் ஊறிச் சூடேறிய பேட் வெட்டும் திறனை இழந்துவிடும், பாதிக் காரிலேயே மாற்ற வேண்டியிருக்கும். ரொம்பத் தடித்த பேட் மெஷினின் அசைவைத் தானே விழுங்கிக்கொள்ளும், சற்று மெல்லியதே மேல். கழுவி, நிழலில் ஆறவிட்ட பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தை டேப் ஒட்டிப் பிரித்து, அங்கே மட்டும் முதலில் போட்டுத் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கோடுகள் மிச்சமிருந்தால் பேடை மாற்றாமல் பாலிஷை ஒரு படி கூட்டலாம். அப்போதும் நகரவில்லை என்றால்தான் கட்டிங் பேடின் பேச்சு, அதுவும் அந்த இடத்துக்கு மட்டும். நகம் தட்டுகிற ஆழத்தில் ஒரு கீறல் மட்டும் மிஞ்சினால், அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.