ஒரு வண்டுக்கு எத்தனை பெயர்?

பி.காம். முடித்த கையோடு ஓர் ஆடிட்டரிடம் கொஞ்ச நாள் எடுபிடியாக இருந்தேன். எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு மொத்த வியாபாரியின் லெட்ஜரைச் சரிபார்ப்பது. புரட்டிக்கொண்டே வந்தால், ஒரே சப்ளையர் மூன்று பக்கங்களில் மூன்று பெயரில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றில் இனிஷியலோடு. இன்னொன்றில் இனிஷியல் இல்லாமல். மூன்றாவதில் கடைப் பெயரில். மூன்று கணக்குப்பிள்ளைகள், மூன்று வெவ்வேறு காலங்களில், ஆளுக்கொரு கணக்கைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். விளைவு, ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருந்தது.

பழைய பில்களையெல்லாம் தோண்டியெடுத்து, கையெழுத்தை ஒப்பிட்டு, மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்து ஒரே பக்கத்துக்குக் கொண்டுவர நான்கு நாள் பிடித்தது. முதலாளி வந்து பார்த்தார். "நாலு நாளா என்ன தம்பி பண்ணீங்க? புதுசா ஒரு என்ட்ரியும் காணோமே?" என்றார்.

இருபது சொச்சம் வருஷம் கழித்து அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வரக் காரணம், ஒரு வண்டு.

ஜப்பான்காரர்கள் அதை 'மைமைகபுரி' என்கிறார்கள். மைமை என்றால் நத்தை. கபுரி என்றால் தலையில் மாட்டிக்கொள்வது. நத்தை ஓட்டுக்குள் தலையை நுழைத்துச் சதையைத் தின்னும்போது, ஓட்டையே தொப்பியாகப் போட்டுக்கொண்ட மாதிரி தெரிவதால் அந்தப் பெயராம். தரையிலேயே ஓடித் திரிகிற வண்டு. முதுகு ஓடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டதால் பறக்க முடியாது. ஜப்பானைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

1836-ல் வியன்னாவைச் சேர்ந்த வின்சென்ஸ் கோலார் இதற்கு 'டமாஸ்டர் பிளாப்டாய்டஸ்' என்று அறிவியல் பெயர் சூட்டினார். ஜப்பான் அப்போது வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. 1850-களில் துறைமுகங்கள் திறந்தன. கப்பல்கள் வந்தன. வியாபாரிகளோடு வண்டு பிடிக்கிறவர்களும் வந்து இறங்கினார்கள். 1861-ல் மோட்சுல்ஸ்கி 'ருகிபென்னிஸ்' என்றார். அதே வருஷம் ஆடம்ஸ் 'ஃபார்ச்சூனி' என்றார். 1862-ல் ஷாம் 'ஆக்சுராய்டஸ்' என்றார். 1880-ல் 'விரிடிபென்னிஸ்', 1881-ல் 'கேபிடோ' என்று இரண்டு பெயர்களைப் போட்டவர் ஜார்ஜ் லூயிஸ். இவர் தொழிலால் தேயிலை வியாபாரி! ஒவ்வொருவரும் தன் கையில் இருப்பது புத்தம்புது இனம் என்றுதான் எழுதினார்கள்.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஹொக்கைடோ வண்டின் கழுத்துப் பக்கம் பச்சையாக மின்னும். தெற்கே இருப்பது மொத்தமும் கறுப்பு. பெரும்பாலான இடங்களில் வண்டுக்கு நீண்டு மெலிந்த தலை. நத்தை ஓட்டுக்குள் நுழையத் தோதானது. சாடோ தீவில் இருப்பதற்கோ தடித்த தலை. அது ஓட்டை உடைத்துத் தின்னும். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்தால் எந்த மனிதனும் இரண்டு இனம் என்றுதான் சொல்வான்.

ஆனால், நடுவில் இருக்கிற ஊர்களிலெல்லாம் தேடிப் பிடித்து, வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது கதை மாறியது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக உருவம் நகர்ந்துகொண்டே போகிறது. சமீப காலத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் சாடோ தீவின் தடித்த தலை வண்டையும் மெலிந்த தலை வண்டையும் ஆய்வுக்கூடத்தில் ஜோடி சேர்த்தே பார்த்துவிட்டார்கள். வாரிசுகள் பிறந்து வளர்ந்தன. ஆக, அத்தனை பெயரும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். இன்று இனம் ஒன்றுதான். மற்ற பெயர்கள் அதன் கீழே துணையினங்களாக உட்கார்ந்திருக்கின்றன.

இத்தோடு முடியவில்லை. டமாஸ்டர் என்பதைத் தனிப் பேரினமாக வைப்பதா, 'கராபஸ்' என்ற பெரிய வீட்டில் ஓர் அறையாக வைப்பதா என்று இன்னொரு சண்டை. அதனால் ஒரே வண்டு, சில கட்டுரைகளில் டமாஸ்டர் பிளாப்டாய்டஸ். சிலவற்றில் கராபஸ் பிளாப்டாய்டஸ்.

"போங்க சார், இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா? நேத்து ஒரு பேரு, இன்னிக்கு ஒரு பேரு!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நான் சண்டை போட வந்திருப்பதே அந்த வாக்கியத்தோடுதான்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்குச் சர்வதேசச் சட்டம் இருக்கிறது. கணக்கு 1758 ஜனவரி 1-ல் ஆரம்பம். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால், முதலில் அச்சானதற்கே மரியாதை. அடுத்தது 'சினானிம்', அதாவது மறுபெயர். அதை யாரும் கிழித்துப் போடுவதில்லை. யார் வைத்தது, எந்த வருஷம், எந்தப் பெயருக்குள் சேர்ந்தது என்று குறிப்போடு பேரேட்டில் அப்படியே இருக்கும். நாளைக்கே 'இல்லை, இது தனி இனம்தான்' என்று ஒருவர் ஆதாரத்தோடு வந்தால், பழைய பெயர் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பி.காம்.காரனாகச் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான கணக்குமுறை பல கம்பெனிகளில் இல்லை.

"சரி, வண்டுக்கு ரெண்டு பேர் இருந்தா யார் வீட்டு அடுப்பு அணையப் போகுது?" என்பது அடுத்த கேள்வி. அடுப்பு அணையும். ஒரு ஈயின் கதையைக் கேளுங்கள்.

மாம்பழத்தை வெட்டினால் உள்ளே புழு நெளிகிறதே, அதற்குக் காரணமான பழ ஈக்களில் முக்கியமானது 'பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்'. 1912-ல் ஹெண்டல் என்பவர் தைவானிலிருந்து வந்ததை வைத்துப் பெயரிட்டது. இந்தியாவிலும் உண்டு. 1994-ல் இதன் நெருங்கிய உறவுகள் என்று சொல்லி 'பப்பாயே', 'பிலிப்பினென்சிஸ்' என்று இரண்டு புதிய இனங்களைப் பிரித்தார்கள். 2003-ல் கென்யாவில் ஒரு பழ ஈ படையெடுத்து வந்தது. ஆப்பிரிக்கா முழுக்கப் பரவி மாந்தோப்புகளைச் சூறையாடியது. இலங்கையிலும் அதே ஈ இருப்பதைப் பார்த்தார்கள். 2005-ல் அதற்கு 'இன்வேடென்ஸ்', அதாவது படையெடுப்பாளன் என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

புதுப் பெயர் என்றால் புதுப் பூச்சி. புதுப் பூச்சி என்றால் ஏற்றுமதிக்குப் புதுத் தடை. டார்சாலிஸைக் கொல்ல எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று பல வருஷம் செலவழித்துக் கண்டுபிடித்த கணக்கெல்லாம் இந்த ஈக்குச் செல்லுமா என்பது சந்தேகம். 'உன் மாம்பழத்தில் இருப்பது எங்கள் ஊரில் இல்லாத இனம்' என்று ஒரு நாடு சொல்லிவிட்டால், தோட்டக்காரன் என்ன செய்வான்?

சுமார் 20 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 50 ஆய்வாளர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். உடல் அமைப்பைப் பார்த்தார்கள். டி.என்.ஏ. பார்த்தார்கள். ஈக்கள் துணையை அழைக்க விடும் வாசனையைப் பார்த்தார்கள். ஒன்றோடொன்று ஜோடி சேர்கிறதா என்று பார்த்தார்கள். 2015-ல் தீர்ப்பு: இன்வேடென்ஸ், பப்பாயே, பிலிப்பினென்சிஸ் மூன்றுமே பழைய டார்சாலிஸ்தான். 'காரம்போலே' என்ற இன்னொன்றையும் சோதித்தார்கள். அது உண்மையிலேயே வேறு என்று தெரிந்ததால் தனியாகவே விட்டுவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக் கட்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இந்தத் தீர்ப்பை ஏற்காமல் எதிர்த்து எழுதியவர்களும் உண்டு. எழுதட்டும், அதுதான் முறை.

இப்போது சொல்லுங்கள். புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் பெரியவரா, மூன்று பெயர்களை அடித்து ஒன்றாக்கியவர் பெரியவரா? நம் பத்திரிகைகளைக் கேட்டால் முதலாமவர்தான். 'புதிய தவளை கண்டுபிடிப்பு', 'புதிய சிலந்திக்கு விஞ்ஞானி பெயர்' என்று போட்டோவோடு செய்தி போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். 'பழைய ஈ ஒன்றே, நான்கு அல்ல' என்று எந்த ஆசிரியராவது நாலு காலம் ஒதுக்குவாரா?

பெயர் வைப்பதில் ஒரு போதை இருக்கிறது. இனத்தின் பெயருக்குப் பின்னால் வைத்தவரின் பெயரும் வருஷமும் ஒட்டிக்கொண்டே வரும். சாகாவரம் மாதிரி. இதற்காகவே அவசர அவசரமாகப் பெயர் வைப்பவர்களைத் துறைக்குள்ளேயே 'மிஹி அரிப்பு' பிடித்தவர்கள் என்று கிண்டல் செய்கிறார்கள். மிஹி என்றால் லத்தீனில் 'எனக்கு'. பொலிவியாவின் மதிதி தேசியப் பூங்காவில் கண்டுபிடித்த ஒரு குரங்குக்குப் பெயர் வைக்கும் உரிமையை 2005-ல் ஏலம் விட்டார்கள். ஓர் ஆன்லைன் சூதாட்ட நிறுவனம் 6.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. குரங்கின் லத்தீன் பெயரில் இன்றைக்கும் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பணம் பூங்காவின் பாதுகாப்புக்குப் போனது, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் ஒரு பெயரை அடிக்கும் உரிமைக்கு யாராவது ஆறரை ரூபாய் கொடுப்பார்களா?

கொடுக்காததோடு, தண்டனையும் உண்டு. விஞ்ஞானிகளுக்கு இன்று சம்பள உயர்வு, பதவி, நிதி எல்லாமே, அவர்களுடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையில் தொங்குகிறது. கோலார் வைத்த பெயரை எழுதும்போது 'கோலார், 1836' என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் மேற்கோள் கணக்கில் வராது. 2020 ஜூனில் இன்னொரு கூத்து. உலகத்தின் புதிய விலங்கினங்களில் கணிசமான பங்கை வெளியிடும் 'ஸூடாக்ஸா' என்ற ஆய்விதழை, தன் இதழையே தான் அதிகமாக மேற்கோள் காட்டுகிறது என்று சொல்லித் தரப்பட்டியலிலிருந்து தூக்கியது கிளாரிவேட் நிறுவனம். அந்தத் துறையின் கட்டுரைகளில் கணிசமான பங்கு அந்த ஒரே இதழில் வந்தால் வேறு எதைக் காட்டுவார்கள்? உலகமெங்கும் கூச்சல் எழுந்தது. ஒரு மாதத்துக்குள் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால், தராசைப் பிடித்திருப்பவருக்கு எடை போடுகிற சரக்கைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது அன்றைக்கு வெளிச்சமாகிவிட்டது.

ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சேர்ப்பதும் தப்பாகப் போகலாம். ஒரே ஒரு தீவில் மட்டும் வாழும் வண்டைப் பெரிய இனத்துக்குள் கரைத்துவிட்டால், 'அதான் நாடு முழுக்க இருக்கே' என்று அந்தத் தீவின் காட்டை வெட்டக் காரணம் கிடைத்துவிடும். உண்மைதான். அதனால்தான் இந்த வேலையை அரைகுறையாக, ஓய்வு நேரத்தில், ரிட்டயரான பேராசிரியர் தன் சொந்தக் காசில் செய்யும்படி விடக் கூடாது என்கிறேன். பெட்டி பெட்டியாக மியூசிய மாதிரிகளைப் பார்க்க வேண்டும். இருநூறு வருஷம் முந்தைய லத்தீனையும் ஜெர்மனையும் படிக்க வேண்டும். காட்டுக்கும் போக வேண்டும், ஆய்வுக்கூடத்துக்கும் போக வேண்டும். இதற்குச் சம்பளம் வேண்டாமா?

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. புதிய இனங்களுக்கு நிதி கொடுக்கும்போது, பழைய பெயர்களைச் சரிபார்க்கவும் அதே வரியில் ஒரு தொகை எழுதுங்கள். பெயருக்குப் பின்னால் வரும் ஆளையும் வருஷத்தையும் மேற்கோளாக எண்ணுங்கள். பத்திரிகைக்காரர்களே, அடுத்த முறை 'புதிய இனம்' என்று செய்தி வந்தால், 'ஏற்கெனவே இருக்கும் பெயர்களோடு ஒப்பிட்டாச்சா சார்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல விஞ்ஞானி கோபித்துக்கொள்ள மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொல்வார்.

அன்றைக்கு அந்த முதலாளிக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இப்போது கேட்டால் சொல்வேன்: "ஆமா முதலாளி, புதுசா எதுவும் எழுதல. இருந்ததுல ரெண்டைக் குறைச்சிருக்கேன். இனிமே ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை பணம் போகாது."