கேன்ட் சார்ட்டை எப்போ வரைஞ்சீங்க?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முடிச்ச எல்லாரிடமும் ஒரு கேள்வி. உங்க பிபிடியில் கலர் கலரா பட்டை போட்ட கேன்ட் சார்ட் ஸ்லைடு ஒண்ணு இருந்துச்சுல்ல, அதை எப்போ வரைஞ்சீங்க?

எங்க டீம் வரைஞ்சது ஜீரோத் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு. வரைஞ்சோம்னு சொல்றதே அதிகம். சீனியர் அக்கா ஒருத்தங்க அனுப்பின பிபிடியைத் திறந்து, தலைப்பை மாத்தி, மாசத்தை மாத்தி, கலரை மட்டும் நீலத்திலிருந்து பச்சையாக்கினோம். லிட்ரேச்சர் சர்வே, டிசைன், இம்ப்ளிமென்டேஷன், டெஸ்டிங், ரிப்போர்ட்னு அஞ்சு பட்டை. எல்லாம் ஒரே நீளம். படிக்கட்டு மாதிரி அழகா இறங்கும். அக்காவோட ப்ராஜெக்ட் இமேஜ் பிராசஸிங். எங்களோடது மண்ணோட ஈரத்தைப் பார்த்து சொட்டுநீர்ப் பாசன வால்வைத் திறந்து மூடுற கருவி. ரெண்டுக்கும் ஒரே சார்ட் பொருந்துதுன்னா அது ரெண்டைப் பத்தியும் எதுவும் சொல்லலைன்னுதானே அர்த்தம்? அன்னைக்கு அது எங்களுக்குத் தோணலை. பேனலும் கேட்கலை. "டைம்லைன் போட்டிருக்கீங்களா? ஓகே, நெக்ஸ்ட் ஸ்லைடு."

இதை ஒரு ஜோக்கா சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா எனக்கு இதுல உண்மையிலேயே ஒரு வருத்தம் இருக்கு. ஒரு வேலையைத் திட்டமிட்டு, நாலு பேரோட சேர்ந்து, சொன்ன தேதிக்குள்ள முடிக்கிறதை எப்படின்னு கத்துக்க நம்ம சிலபஸ்ல இருக்கிற ஒரே நிஜமான இடம் இந்த ப்ராஜெக்ட்தான். அங்கே நாம திட்டமிடக் கத்துக்கறதில்லை. திட்டம் இருக்கிற மாதிரி காட்டக் கத்துக்கறோம். இதே பழக்கத்தோடதான் வேலைக்கும் போகப் போறோம்.

எங்க கதையைச் சொல்றேன். டீம்ல நாலு பேர். போர்டு டிசைன் நான். கன்ட்ரோலருக்கான கோட் ஒருத்தன். மொபைல் ஆப் மீதி ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தனோட சித்தப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம். "நீங்க கருவியை எடுத்துட்டு வாங்க தம்பி, ஒரு வரிசை தக்காளியை உங்களுக்கே விட்டுடறேன்"னு சொல்லியிருந்தாரு. மூணு வாரம் அங்கே வெச்சு டெஸ்ட் பண்றதா ஏற்பாடு.

போர்டுல போடற லோரா மாட்யூல் எதுன்னு முடிவு பண்ணவே எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. எக்ஸாம், சிம்போசியம், பொங்கல் லீவுன்னு தள்ளிப்போச்சு. சின்ன முடிவுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைச்சோம். கடைசியா அவசரத்துல நான் போர்டு டிசைன் பண்ணி ஆர்டர் கொடுத்தேன். வந்தது. மாட்யூலை வெச்சுப் பார்த்தா கால் பொருந்தலை. நான் டிசைன் பண்ணது 2.54 மில்லிமீட்டர் இடைவெளிக்கு. வாங்கினது 2 மில்லிமீட்டர் மாட்யூல். திரும்ப டிசைன், திரும்ப ஆர்டர், திரும்ப கூரியர். பன்னிரண்டு நாள் போச்சு.

அந்த நாட்கள்ல ஆப் டீம் என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. லாகின் பேஜ். நாங்க நாலு பேரும் அந்தச் சித்தப்பாவும் மட்டுமே யூஸ் பண்ணப்போற ஆப்புக்கு ஃபர்காட் பாஸ்வேர்ட் வரைக்கும் ரெடி. ஓ.டி.பி கூட வரும்!

இப்போ யோசிச்சா ஒரு பேப்பர்ல பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்கலாம். மாட்யூல் தேர்வுக்கு 1 வாரம், சர்க்யூட் டிசைனுக்கு 2 வாரம், போர்டு அடிச்சு வர 2 வாரம், சால்டரிங் 1 வாரம். இது ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது, மொத்தம் 6 வாரம். ஆப் வேலை 4 வாரம். இதுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை, பக்கத்துலயே ஓடும். ரெண்டும் சேர்ந்தபிறகு தோட்டத்துல 3 வாரம். ஆக 9 வாரம். ஆப் ரெண்டு வாரம் லேட்டானாலும் ப்ராஜெக்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. போர்டு வரிசையில ஒரு நாள் போனா மொத்த ப்ராஜெக்ட்டும் ஒரு நாள் தள்ளும். இதுக்குப் பேர்தான் கிரிட்டிக்கல் பாத். 1950களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனம் தன் கெமிக்கல் பிளான்ட் வேலைகளுக்காக உருவாக்கிய முறை. நாமளும் மேனேஜ்மென்ட் பேப்பர்ல அம்புக்குறி போட்டு, வட்டம் போட்டு மார்க் வாங்கியிருப்போம். நானும் வாங்கினேன். அந்தப் பரிட்சை எழுதின அதே மாசத்துலதான் மாட்யூல் எதுன்னு முடிவு பண்ணாம உட்கார்ந்திருந்தேன்.

அதாவது மூணு வாரம் தள்ளிப்போட்ட அந்த "சின்ன முடிவு"தான் எங்க ப்ராஜெக்ட்டோட கழுத்து. நாலு பேர்ல ரெண்டு பேரை கழுத்து இல்லாத இடத்துல உட்கார வெச்சிருந்தோம்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை, நம்ம ஊர்க் கதைதான். பாம்பன்ல 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்தை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. நான் சொல்றது அதுக்கு முன்னாடி ரயில் ஓடின 1914ஆம் வருஷத்துப் பழைய பாலம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த அதே இரவில் இந்தப் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு 6 மாதம். மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இன்ஜினியருக்கு அப்போது வயது 32. பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ.ஸ்ரீதரன்தான் அவர். 46 நாளில் ரயில் ஓடியது.

இதை எல்லாரும் "கடின உழைப்பு" கதையா ஃபார்வர்ட் பண்ணுவாங்க. எனக்கு அதுல பிடிச்சது வேற. அங்கே எல்லா வேலையும் காத்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக: கர்டர். புதுசா செய்யணும்னாலும் நாட்டின் வேற மூலைகள்ல இருந்து கொண்டுவரணும்னாலும் மாசக்கணக்கா ஆகும். அப்போதான் கடல்ல விழுந்த கர்டர்கள் கிடக்கிற இடம் மீனவர்கள் மூலமா தெரிய வந்தது. உடனே திட்டம் மாறுது. அதையே தூக்கி, சரிபண்ணி, திரும்ப மாட்டலாம்னு முடிவாகுது. நாள் குறைஞ்சது அங்கேதான். எல்லாரும் ரெண்டு மடங்கு ஓடினாங்கங்கறது மட்டும் காரணமில்லை, எதுக்காக எல்லாம் காத்திருக்குதோ அதையே போய்த் தொட்டாங்க. மீனவர் சொன்ன தகவலைக் காதுகொடுத்துக் கேட்கவும் ஒருத்தர் இருந்திருக்காரு.

எங்க டீம்ல அந்தக் கேட்கிற காது இல்லை. இதுதான் இந்தக் கட்டுரையை எழுத வெச்ச விஷயம்.

கோட் எழுதின நண்பன்கிட்ட வாராவாரம் கேட்போம், "எவ்ளோடா முடிஞ்சுது?" அவன், "90% முடிஞ்சிருச்சு மச்சி" என்பான். அஞ்சு வாரம் அதே 90. ஒருகட்டத்துல எனக்குக் கோபம் வந்துருச்சு. அவன் வேலையே பார்க்கலைன்னு ஹாஸ்டல் காரிடார்லயே கத்திட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது: கோட் எழுதிட்டான். ஆனா போட்டுப் பார்க்க போர்டு இல்லை. போர்டு என் பொறுப்பு. "போர்டு வரலை, அதான் நிக்குது"ன்னு கைடு முன்னாடி சொன்னா என்னைப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும்னு 90%ன்னு சொல்லிட்டு இருந்திருக்கான். ஃப்ரெண்ட்ஷிப்புக்காகச் சொன்ன பொய். அதனாலயே ரெண்டு மாசம் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லாம போச்சு.

கேள்வியே தப்பு. "எவ்ளோ முடிஞ்சுது?"ன்னு கேட்டா யாருமே 40ன்னு சொல்ல மாட்டாங்க. வேலைக்குப் போயிருக்கிற ஒரு அண்ணாகிட்ட பேசினப்போ அவங்க டீம் மீட்டிங்ல கேட்கறது வேறன்னு சொன்னாரு: "எதுக்காகக் காத்திருக்கே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா அது போட்டுக் கொடுக்கிறது ஆகாது. ஏன்னா எல்லாரும் அதைத்தான் சொல்லணும்.

மார்ச் கடைசியில பயம் வந்து வேற டீம்ல இருந்து ஒரு நண்பனைக் கூப்பிட்டோம். அவனுக்குப் புரிய வைக்கவே ரெண்டு நாள், அந்த ரெண்டு நாளும் எங்களுக்கும் வேலை ஓடலை. ஐ.பி.எம்-ல ஓ.எஸ்/360 வேலையை நடத்தின ஃப்ரெட் புரூக்ஸ் இதை 1975லயே புத்தகமா எழுதிட்டாரு. லேட்டான சாஃப்ட்வேர் வேலைக்கு ஆள் சேர்த்தா இன்னும் லேட்டாகும்னு. படிக்காதவங்க பட்டுத்தான் தெரிஞ்சுக்கணும் போல.

தோட்டத்துக்குப் போகவே இல்லை. மூணு வார டெஸ்டிங் ஹாஸ்டல் மொட்டை மாடியில நாலு நாள், ரெண்டு பூந்தொட்டியோட முடிஞ்சது. ரிப்போர்ட்ல அதைக் கள ஆய்வுன்னு எழுதினோம். நல்ல மார்க்தான் வந்துச்சு. வைவாவுல யாரும் கேட்கலை.

நம்மளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நாள் கணக்குல ஏமாறுறது மனுஷ குணம். பொருளாதார நோபல் வாங்கின டேனியல் கானெமனுக்கே நடந்திருக்கு. இஸ்ரேலில் ஒரு பாடத்திட்டமும் பாடப்புத்தகமும் தயாரிக்கும் குழுவில் இருந்தபோது, எல்லாரும் ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். குழுவிலேயே அனுபவமுள்ள ஒருவரிடம், "இதே மாதிரி வேறு குழுக்களுக்கு எவ்வளவு ஆனது?" என்று கேட்டபோதுதான் அவர் யோசித்துச் சொன்னார்: பத்தில் நாலு குழு முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருஷம். அவரே கொஞ்சம் முன்னால் ரெண்டு வருஷம் என்று எழுதியவர்தான்! கடைசியில் எட்டு வருஷம் ஆனது. நமக்கு இதுல ஒரு சுலபமான வழி இருக்கு. போன வருஷ சீனியர்கிட்ட அவங்க பிபிடியை வாங்காம, "போர்டு வர நிஜமா எத்தனை நாள் ஆச்சு?"ன்னு கேட்டிருந்தா போதும். நாங்க பிபிடியைத்தான் வாங்கினோம்.

அடுத்து வர்றவங்களுக்கு நான் சொல்றது ரொம்பக் கம்மி. ஒரு ஷீட், நாலு காலம்: என்ன வேலை, யார் (ஒரே ஒரு பேர், "எல்லாரும்"னு எழுதினா யாருமில்லைன்னு அர்த்தம்), இது எதுக்காகக் காத்திருக்கு, முடிஞ்சதுன்னா கண்ணால என்ன பார்க்கலாம். கடைசிக் காலம் முக்கியம். "கோட் முடிஞ்சது"ன்னு எழுதக் கூடாது. "ஈரம் குறைஞ்சா வால்வு திறக்குது"ன்னு எழுதணும். 90%க்கு அங்கே இடமே கிடையாது. வெள்ளிக்கிழமை கேன்டீன்ல ஒரு டீ குடிக்கிற நேரம் அந்த மூணாவது காலத்தை மட்டும் பாருங்க. அப்புறம் நாள் பத்தலைன்னா எதை விடறதுன்னு முதல் வாரமே முடிவு பண்ணி வெச்சுக்கோங்க. நாங்க லாகின் பேஜை விட்டிருந்தா அந்த ரெண்டு பேரும் சேர்ந்து முதல் போர்டை ஆர்டருக்கு முன்னாடி ஒருமுறை பார்த்திருப்பாங்க. 2 மில்லிமீட்டர் அப்பவே கண்ணுல பட்டிருக்கும்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கைடும் அஞ்சாறு டீமைப் பார்க்கணும், ரிவ்யூவுல ஒரு டீமுக்குப் பத்து நிமிஷம்தான், தெரியும். ஆனா ஒரே ஒரு ஸ்லைடை மாத்தலாம். ஜீரோத் ரிவ்யூவுல போட்ட சார்ட்டையும் இன்னைக்கு நிஜமா இருக்கிற சார்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் ஏன்னு சொல்ற டீமுக்கு மார்க் கொடுங்க. "அப்போ எல்லாரும் லேட் பண்ணிட்டு காரணம் சொல்வாங்களே"ன்னு ஒரு சார் கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆனா சார், இப்பவும் எல்லாரும் லேட்தான். காரணம்தான் சொல்றதில்லை. ரெண்டாவது ரிவ்யூவுல "பன்னிரண்டு நாள் பின்னாடி இருக்கோம், போர்டு தப்பு, என் தப்பு"ன்னு சொன்னா மார்க் போகாதுன்னு தெரிஞ்சிருந்தா நான் சொல்லியிருப்பேன். அவனும் 90%ன்னு சொல்லியிருக்க மாட்டான்.

ஃபேர்வெல் அன்னைக்குத்தான் திரும்பப் பேசினோம். அவனே வந்து, "மச்சி, போர்டு வந்துருச்சா?"ன்னு கேட்டான்.

சித்தப்பா இந்த வருஷமும் ஒரு வரிசை விடறேன்னு சொல்லியிருக்காரு. ஜூனியர்ஸ் யாராவது இதை எடுத்துப் பண்றதா இருந்தா, போர்டும் மாட்யூலும் லேப்ல ரெண்டாவது ரேக்ல நீலக் கலர் டப்பாவுல இருக்கு. அதுல பழைய போர்டும் கிடக்கும், அதை எடுத்துடாதீங்க. ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க, 2 மில்லிமீட்டர்.